பாதியில் போனவருக்கு ஒரு வோட்டு

பிள்ளையள், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் விடாமல் கேள்வி கேட்டுக் குடைந்தேன் என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ தரம் கேட்டுவிட்டீர்கள். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் நீங்கள் இடையில் புகுந்து குழப்புவீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் ஊரில் ஓ.எல். சோதனை வரைக்கும்தான் படித்தவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு ஆட்கள் வாசித்தாலும் விளங்கட்டும் என்று மகன், மகள் என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு வருசமாக, யாருக்குச் சிலை வைக்கலாம் என்று மகனுக்கும் மகளுக்கும் ஒரு வழக்கு நடக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில், எல்லாரும் ஓடிவந்து விழுத்தப் பார்க்கும்போது நின்று நிதானித்துப் பந்தை எறிகிற ஆளுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். ஓய்வு பெற்றவர்களில் மிகத் திறமானவர்களை வோட்டுப் போட்டுத் தெரிவுசெய்து, ஒரு புகழ் மண்டபத்தில் சிலை வைப்பார்கள். அதற்கு ஆள் விளையாட்டை விட்டு ஐந்து வருசம் கழியவேண்டும். இதை முதன்முதல் கேட்டபோது, புனிதர் பட்டத்துக்கு ஆள் செத்து ஐந்து வருசம் கழியவேண்டும் என்று மாதா கோவிலில் சுவாமியார் சொன்ன ஞாபகத்தில் நான், "பாவம், எப்ப மோசம் போனவர்?" என்று கேட்டுவிட்டேன். மகன் சோபாவில் புரண்டு சிரித்தான்.

"அப்பா, அவர் உயிரோட இருக்கிறார். கோல்ஃப் விளையாடுறார்."

அந்த ஆட்களின் பெயர் ஒன்றும் என் வாயில் நிற்காது. அதனால் நானே பெயர் வைத்தேன். நிறையக் கிண்ணம் வென்றவர் நெட்டையர். அவருக்கு வழக்கே இல்லை. வருசக்கணக்காக எறிந்து தள்ளியும் இறுதி ஆட்டம் ஒன்றும் வெல்லாதவர் வெறுங்கையர். தலையில் அடிமேல் அடி பட்டு, டொக்டர்மார் சொன்னபடியால் நல்ல வயதிலேயே விட்டுவிட்டுப் போனவர், பாதியில் போனவர். கொஞ்ச நாளில் பிள்ளைகளும் அந்தப் பெயர்களாலேயே சண்டை பிடித்தார்கள்.

மகனுக்குப் பதினேழு. "வெல்லாதவருக்கு என்ன சிலை?" என்பான். மகளுக்குப் பதினாலு. "பந்து பிடிக்கிறவன் கோட்டை விட்டா எறிஞ்சவர் என்ன செய்யிறது? விசர்க்கதை கதையாத அண்ணா" என்பாள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயம் பாதியில் போனவர். அவருக்கு இடமில்லை. "நிண்டு பிடிக்கிறதும் திறமைதான் அப்பா" என்று மகள் எனக்குப் பாடம் சொல்லுவாள். அவள் சொல்லிக்கொண்டிருந்த இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பார்த்துக்கொண்டிருந்தவள், இந்த வருசம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் அணியில் சேர்ந்து தானே எறியத் தொடங்கினாள். அம்மாவுக்கு விருப்பமில்லை. "இதில ஆளை ஆள் இடிக்கிறேல்லை, இடுப்பில கட்டின பட்டியை இழுத்தாச் சரி" என்று சொல்லி, பள்ளிக்கூடத்துச் சம்மதத் தாளில் கையெழுத்து வைத்தவன் நான்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் மைதானத்து ஓரத்தில்தான் நின்றேன். ஷிப்ட் மாற்றச் சொல்லி வேலையிடத்திலிருந்து மெசேஜ் வந்தது. குனிந்து பதில் எழுதினேன். நிமிர்ந்தபோது மகள் நிலத்தில் கிடந்தாள். பந்து பிடிக்க ஓடிவந்த பிள்ளையும் அவளும் தலையும் தலையும் மோதியதை எல்லாத் தகப்பன்மாரும் கண்டார்கள். நான் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு தாள் தந்தார்கள். தனிய விடக்கூடாது. டெலிபோன், டிவி பார்க்கக்கூடாது. வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தால், கதை குழம்பினால், வழமைக்கு மாறாக நடந்தால் உடனே கொண்டுவரவேண்டும். நான் அந்தத் தாளை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. பின்னேரம் அவளுடைய விளையாட்டுச் சப்பாத்தை எடுத்து, சேறோடேயே பையில் சுற்றி, எங்கள் அறை அலுமாரிக்கு மேலே சூட்கேசுக்குப் பின்னால் வைத்தேன்.

ஞாயிறு அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தா.

"இஞ்சாருங்கோ, கதை குடுத்துக்கொண்டே இருங்கோ. மாறாட்டமாக் கதைச்சா எனக்கு உடன டெலிபோன் அடியுங்கோ."

என்ன கதை குடுக்கிறது? அவளுடைய படிப்பு எனக்குத் தெரியாது. அவள் கரைத்துக் குடித்த பாடம் என்றால் இந்தக் குவாட்டர்பேக்மார்தான். ஆனால் அவள் சொல்வது சரியோ பிழையோ என்று எனக்கு எப்படித் தெரியும்? தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் மகனைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"அவள் சரியாச் சொன்னா மூக்கைச் சொறி. பிழையெண்டா இருமு."

"அப்பா, இதென்ன சி.ஐ.டி. வேலையோ?"

"சொன்னதைச் செய்யடா."

மகள் போர்வையோடு சோபாவில் இருந்தாள். நான் எதிரில் கதிரை போட்டு இருந்தேன். நெட்டையர் எத்தனை கிண்ணம்? எந்த அணிக்கு முதல் விளையாடினவர்? அவள் சொல்லச் சொல்ல மகன் மூக்கைச் சொறிந்தான். வெறுங்கையர் எத்தனை வருசம் விளையாடினவர் என்றேன். சொன்னாள். மகன் இருமினான். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன்.

"ஸொறி அப்பா, தேத்தண்ணி புரைக்கேறிட்டுது" என்று அவன் கண்ணில் தண்ணீர் வர மூக்கைச் சொறிந்தான்.

"உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன நடக்குது?" என்றாள் மகள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. சரி, பாதியில போனவர்?"

இதைச் சும்மாதான் கேட்டேன். பதில் எனக்கே மனப்பாடம். அவள் போர்வை நூலை இழுத்தாள்.

"அவருக்கு இடம் குடுக்கவேணும்" என்றாள்.

மகன் சொறியவும் இல்லை, இருமவும் இல்லை. என்னையே பார்த்தான்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? நிண்டு பிடிக்கிறதும் திறமை எண்டல்லோ சொல்லுவாய்?"

"முந்திச் சொன்னனான். இப்ப அப்பிடியில்லை."

"ஏன்?"

"தெரியாது. விடுங்கோ அப்பா, களைக்குது."

வழமைக்கு மாறாக. தாளில் இருந்த அந்தச் சொல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டு வருசம் அசையாத பிள்ளை ஒரே நாளில் மாறிவிட்டாள், ஏனென்றும் சொல்லத் தெரியவில்லை, களைக்குது என்கிறாள். கையில் அகப்பட்ட ஜாக்கெட்டை அவளுக்குப் போட்டேன். அது மகனுடையது. டாக்சி பிடித்து மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வந்த டொக்டர் தமிழ்நாட்டுப் பிள்ளை. என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் கதைத்தா.

"வாந்தி எடுத்தாளா?"

"இல்லை டொக்டர்."

"தலைவலி அதிகமாச்சா? யாரையாவது அடையாளம் தெரியலையா?"

"இல்லை."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"மனம் மாறிட்டா டொக்டர்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே எப்படி விழுந்தது என்று தெரிந்தது. மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் தட்டுத்தடுமாறி மண்டபம், வோட்டு, பாதியில் போனவர் எல்லாம் சொன்னேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தா, விரலைப் பின்தொடரச் சொன்னா, நேர்கோட்டில் நடக்கச் சொன்னா. பிறகு கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, "சரி, நீ ஏம்மா மாத்திக்கிட்ட?" என்று கேட்டா.

மகள் டொக்டருக்குத்தான் சொன்னாள், எனக்கில்லை.

"நேற்று விழுந்தாப் பிறகு எழும்பப் பாத்தனான். கால் சொல்வழி கேக்கேல்லை. நான் வேணுமெண்டு கிடக்கேல்லை. அவரும் வேணுமெண்டு போகேல்லைத்தானே. அதை நான் ஒருநாளும் யோசிக்கேல்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா இனி என்னை விளையாட விடமாட்டார். சப்பாத்து அலுமாரிக்கு மேல கிடக்கு, நான் கண்டனான். அப்ப நான் இவ்வளவு நாளும் எறிஞ்சது கணக்கில்லையோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். வீட்டில் கேட்டபோது தெரியாது என்றவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள்.

"தலை நல்லாத்தான் இருக்கு சார்" என்றா டொக்டர். மூன்று கிழமைக்கு விளையாட்டு இல்லை, பிறகு மறுபடி காட்டிவிட்டுப் படிப்படியாகத் தொடங்கலாம், தாளில் உள்ளதை மட்டும் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினா.

திரும்பும்போது பஸ். பாதி வழியில் டூட்டிங் வரும் வரைக்கும் மகன் பொறுத்திருந்தான்.

"அனுதாப வோட்டுச் செல்லாது" என்றான் தங்கச்சியிடம்.

"அனுதாபமில்லை, நியாயம். போடா."

"அப்ப ஒண்டுக்கு ஒண்டு. அப்பா, நீங்கள்தான் சொல்லவேணும்."

இரண்டு வருசமாக எனக்கு ஒன்றும் விளங்காது என்று தப்பிக்கொண்டு வந்தவன் நான். இந்த முறை இரண்டு பேரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள்.

"முதல்ல ஒண்டு சொல்லுங்கோ. அந்தப் பாதியில போன மனுசன் இப்ப எப்பிடி இருக்கிறார்? சுகமோ?"

இவ்வளவு வழக்கிலும் அதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

"சுகமா இருக்கிறார் அப்பா" என்றாள் மகள். "சின்னப் பிள்ளையளுக்கு எறியப் பழக்கிறார்."

"அப்ப குடுங்கோ."

"அது ஒரு காரணமே?" என்று மகன் கத்த, முன்சீட்டு மனுசி திரும்பிப் பார்த்தா.

சப்பாத்தை அன்றைக்கே இறக்கிக் கழுவி வாசலில் வைத்தேன். பள்ளிக்கூடம் அனுப்பிய புதுச் சம்மதத் தாள் குளிர்ப்பெட்டிக் கதவில் தொங்குகிறது. நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. மூன்று கிழமை முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, டொக்டரும் பார்க்கவேண்டும். பால் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை வாசித்துவிட்டு, பாலை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் பேனையைக் குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன். டொக்டர் ஓம் என்றால் நானும் ஓம். அவள் திரும்ப விளையாடுகிற அன்றைக்கு மைதானத்தில் என் டெலிபோன் மகனிடம் இருக்கும்.