பேரையூரில் நான் மாற்றிச் சொன்ன கேள்வி

முதல் உலக யுத்தம் எப்படி மூண்டது என்பதை மதுரையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் பாடம் நடத்தினேன். ஆஸ்திரிய இளவரசரைச் செர்பிய இனத்தவன் ஒருவன் சுட்டான். ஆஸ்திரியா செர்பியாவின் மேல் பாய்ந்தது. செர்பியாவுக்கு ரஷ்யா துணை, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை, ரஷ்யாவுக்குப் பிரான்ஸ் துணை. பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி நுழைந்ததும் இங்கிலாந்தும் இறங்கியது. எல்லாவற்றையும் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவேன். எந்தக் கோடும் மதுரை ஜில்லாவைத் தொடாது. ஆனாலும் இங்கிருந்து ஆட்கள் போய்ச் செத்தார்கள்.

முப்பத்தொன்பதில், போலந்துக்குக் கொடுத்த வாக்குக்காக இங்கிலாந்தும் பிரான்சும் மறுபடி இறங்கின. நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் வைஸ்ராய் நம்மையும் அதில் சேர்த்துவிட்டார். அது அநியாயம் என்று வகுப்பில் சொன்னேன். தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, "வேலையில இருக்கணுமா, வேணாமா?" என்று மட்டும் கேட்டார். அவரை வெறுத்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க ஒரு வெள்ளைக்கார அதிகாரி பேரையூருக்கு வந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்லத் தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். பேரையூர் என் மனைவியின் ஊர். மழை பொய்த்து, கிணறெல்லாம் காய்ந்து கிடந்தது. சந்தைத் திடலில் கூடியவர்களில் என் மனைவியின் தம்பி முன்னால் நின்றான்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே சண்டை என்றார் அதிகாரி. நானும் கணீரென்று சொன்னேன். அப்போது, போன யுத்தத்தில் மெசபடோமியாவில் இடது கையை இழந்துவிட்டு வந்த பழைய சிப்பாய் ஒருவர் எழுந்தார்.

"போன தடவ பெல்ஜியம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனீக. இப்ப போலந்துங்கிறீக. அவுக கூட்டுச் சேந்துக்கிட்டு அடிச்சுக்கிடுறதுக்கு எங்க புள்ளைக எதுக்குய்யா சாகணும்? எங்களுக்கு யாரு வாக்குக் குடுத்தா?"

என்ன கேட்கிறார் என்பதுபோல் அதிகாரி என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் பயந்து நான் விழுங்கிய கேள்வி அது.

"சாப்பாடும் உடுப்பும் எப்படியிருக்கும் என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி சிரித்தார். பூட்ஸ், வயிறார அரிசிச் சோறு, வாரத்துக்கு ஒரு நாள் கறி என்றார். அதைத் தமிழில் சொன்னதும் இளவட்டங்கள் ஆரவாரம் செய்தார்கள். பழைய சிப்பாய் பட்டாளத்தில் கொஞ்சம் ஆங்கிலம் கற்றிருந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"நான் சோத்தையாடா கேட்டேன்? நீயெல்லாம் ஒரு வாத்தியாரு!" என்று என் காலடியில் துப்பினார். அந்த நிமிஷம் அவரையும் வெறுத்தேன்.

என் மைத்துனன் வரிசையில் போய் நின்றுவிட்டான். தனியே இழுத்து, "மாப்ள, வேணாம்யா. இது நம்ம சண்டையில்ல" என்றேன்.

"அத அங்கன நின்னு சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்று கையை உதறினான்.

சில மாதங்களில் ஜப்பான், ஜெர்மனியோடும் இத்தாலியோடும் உடன்படிக்கை செய்துகொண்டதாகப் பத்திரிகையில் வந்தது. என் கரும்பலகைக் கோடு கிழக்கே நீள்வது எனக்குப் புரிந்தது. மைத்துனனை மலேயாவுக்கு அனுப்பினார்கள். மறு வருஷக் கடைசியில் ஜப்பான் மலேயாவில் இறங்கியது. பிறகு சிங்கப்பூர் விழுந்தது. அவன் கடிதங்கள் நின்றன.

"அன்னைக்குக் கேட்டதக் கேட்டபடி சொல்லியிருந்தா என் தம்பி போயிருப்பானா?" என்றாள் என் மனைவி. யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அவன் சோத்துக்கில்லாமப் போனான். எம்மேல பழி போடாத!" என்று கத்தினேன். அதிலும் உண்மை இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கும் மேலாக, தட்டை வைப்பதற்கும் எடுப்பதற்கும் தவிர அவள் என் முன்னால் வந்ததில்லை.

யுத்தம் முடிந்து, ஜப்பான்காரர் சிறையிலிருந்து அவன் எலும்பும் தோலுமாகத் திரும்பினான். ஒரு காது கேட்கவில்லை. மதுரை ஸ்டேஷனில் பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"அக்காவப் பாக்க வாரேன். ஒங்களப் பாக்க இல்ல."

சொன்னபடியே செய்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாக வந்து, அவளைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். நானும் அவனைத் தேடிப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. வகுப்பில் நின்று வல்லரசுகளைத் திட்டுவதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.