சுட்டால் கையைத் தூக்கு

முன்பல் ஆறில் குறைந்தது நாலு உயிரோடு இருக்க வேண்டும். ராணுவத்தில் சேர அதுவும் ஒரு கணக்கு. சோழபுரம் வல்லரசுக்கு ஆறும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததில் காவியேறிக் கிடந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்சேர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தார் பாண்டிதுரை கண்ணில் அந்தக் காவிதான் முதலில் படும். வல்லரசை வரிசைக்கு முன்னால் நிறுத்திப் பல்லைக் காட்டச் சொல்வார்.

“பாருங்கலே, துருப்பிடிச்ச தகரம். எம்புட்டு ஓடி என்னலே செய்ய? பீடிக்காரன்னு டாக்டர் வாசல்லயே திருப்பிருவாரு.”

திருப்பிவிட்டால் அவ்வளவுதான். அடுத்த ஆளெடுப்புக்குள் வல்லரசுக்கு வயது தாண்டிவிடும். வீட்டுச் சுவரில் அப்பாவும் சித்தப்பாவும் சீருடையில் இருக்கும் படங்களுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஓர் ஆணி அடித்தாகிவிட்டது.

பாண்டிதுரை கற்றுக்கொடுத்ததில் அவனுக்கு நன்றாகப் படிந்தது ஒன்று. வலித்தால் காட்டிக்கொள்ளக் கூடாது. எவன் முகம் சுளித்தாலும் மொத்த வரிசையும் மைதானத்தை மறுபடி சுற்ற வேண்டும். பிறகு அந்த வரிசை அவனைச் சும்மா விடாது.

ஆளெடுப்பு ஓட்டத்தில் தேறினான். மருத்துவச் சோதனைக்குச் சில மாதங்கள் இருந்தன. ராஜபாளையத்தில் ஹெப்சிபா டாக்டரிடம் போனான். பல்லில் பசை தடவி, லேசர் கதிர் காட்டி வெளுக்க வைப்பவர். அவர் ஒளிக்காமல் சொன்னார்: இது பல்லோடு பிறந்த கறை, முழுசாகப் போகாது. கதிர் அதிகமானால் மேலிருக்கும் எனாமல் உருகி வெடிப்பு விடும். சூடு உள்ளே இறங்கினால் நரம்பு வெந்துபோகும்.

“சுட்டா ஒடனே கையத் தூக்கிருங்க தம்பி. அத வச்சுத்தான் நான் நிறுத்துவேன்.”

முதல் பல்லிலேயே சுட்டது. வல்லரசு கையைத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டான். சுடவில்லையா என்று டாக்டர் கேட்டார். இல்லையென்று தலையாட்டினான். கறை அசையவில்லை என்று டாக்டர் சொன்னதும் கதிரைக் கூட்டச் சொன்னவனும் அவன்தான். கதிருக்காகப் போட்டுவிட்ட கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணீர் கோத்தது. அது டாக்டருக்குத் தெரியவில்லை. இவ்வளவு தாங்குகிற ஆளைப் பார்த்ததில்லை என்றார். வல்லரசுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பல் வெளுத்தது. பாண்டிதுரையே தோளில் தட்டினார். கொஞ்ச நாள் பச்சைத்தண்ணீர் பட்டாலே உச்சி வரை கூசியது. வல்லரசு யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிறகு கூச்சம் நின்றது. ஆறிவிட்டது என்று நினைத்தான். நரம்பு செத்ததால் நின்றிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முன்பற்கள் சாம்பல் பூத்தன.

சோதனைக் கூடத்தில் ராணுவ டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். எனாமல் முழுக்க முடிபோல விரிசல். குளிர்ந்த பஞ்சை வைத்தார், அந்த மூன்று பல்லும் உணரவில்லை. எதற்காக இதைச் செய்தாய் என்று கேட்டார். வல்லரசு சொன்னான். தண்ணீர்க் கறைக்காக உன்னைத் தள்ளியிருக்க மாட்டேனே என்று சொல்லிவிட்டு, அடுத்தவனை வாயைத் திறக்கச் சொன்னார்.

பயிற்சிக் கட்டணப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வர மைதானத்துக்குப் போனவனை, பாண்டிதுரை புது வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்.

“இவனப் பாருங்கலே. அழகு பாக்கப் போயி பல்லக் கொன்னுட்டு வந்து நிக்கான். ஏலே, சுட்டா கையத் தூக்கணும்னு கூடவா ஒனக்குத் தெரியாது?”

வரிசை சிரித்தது. வல்லரசு முகம் சுளிக்கவில்லை.

வரும் திங்கட்கிழமை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேருகிறான்.