கேரியர் இல்லாத சைக்கிளில் டபுள்ஸ்

யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் "எத்தனை பெக் உள்ளே போனபிறகு?" என்று கேட்கிற ஆள் நான். அதனால் இப்போது நீங்கள் என்னை அப்படிப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் இது நடந்தது நன்றாக விடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயிற்றில் ஒரு சாயாகூட இல்லை, நம்பினால் நம்புங்கள்.

மட்டாஞ்சேரியில் இப்போது பலருக்கும் சைக்கிள் பைத்தியம். ஞாயிறு விடிந்தால் தோப்பும்படி பழைய பாலத்தைத் தாண்டி, அக்கரையிலிருக்கும் ஐலண்டின் மரநிழல் சாலைகளைச் சுற்றிவிட்டு வருவார்கள். எனக்கும் ஆசை வந்து கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன், அதற்கென்று இறுக்கமான டிரவுசரும். அதைப் போட்டால் நான் கயிறு கட்டிய பலாப்பழம். ஒருநாள் ஓட்டினேன், அப்புறம் மாதக்கணக்கில் அந்தச் சைக்கிள் வீட்டில் துண்டு காயப்போடத்தான் உதவியது. என் மனைவி மீனா பொறுமை இழந்து பந்தயம் வைத்தாள்.

"ஒரே ஒரு தடவ, கால் தரையில படாம அந்த ரவுண்ட் போயிட்டு வாங்க. முடியலேன்னா சைக்கிள் சுரேஷுக்கு."

சுரேஷ் அவள் தம்பி. ஸ்கூட்டரில் பின்னால் வரப்போகிற நடுவரும் அவன்தான். கோழிப் பஞ்சாயத்துக்கு நரி நாட்டாமை.

போகும்போது ஒன்றுமில்லை, மூச்சு வாங்கியதைத் தவிர. திரும்பும்போது, பாலம் ஏறத் தொடங்குகிற இடத்தில், பின்னால் யாரோ தொப்பென்று உட்கார்ந்தார்கள். ஓடுகிற சைக்கிளில் பழகினவர்கள் தாவி ஏறுவார்களே, அதே குலுக்கல், அதே கனம். சுரேஷ்தான் ஏதோ சேட்டை செய்கிறான் என்று "இறங்குடா!" என்று கத்தினேன். தூரத்திலிருந்து "என்ன அத்தான்?" என்றான். அப்போதுதான் உறைத்தது, என் சைக்கிளில் கேரியரே கிடையாது. சீட்டுக்குப் பின்னால் வெறும் காற்று.

குதித்து ஓடியிருக்க வேண்டாமா என்பீர்கள். ஓடியிருப்பேன், ஆனால் கால் பட்டால் சைக்கிள் போச்சு, நரி பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். நல்ல கால் உள்ளவர்கள் எத்தனை பேர் இந்தப் பாலத்தில் போகிறார்கள், இதற்கு நான்தான் கிடைத்தேனா? ஒரு ஊளை, ஒரு சிரிப்பு, எதுவும் கிடையாது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர் மாதிரி அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. பாலத்தின் உச்சியில் உயிர் போகிற நேரத்தில், "சேட்டா, கொஞ்சம் எறங்கித் தள்ளக் கூடாதா?" என்று கெஞ்சியே விட்டேன். பதிலாக என் பிடரியில் ஒரு பெருமூச்சு. நான் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்து வந்த சலிப்பு அது, சந்தேகமே இல்லை.

தோப்பும்படித் திருப்பத்தில், மீன் வண்டிகள் நிற்குமே அங்கே, சைக்கிள் சட்டென்று லேசானது. இறங்கிவிட்டது. ஒரு நன்றிகூட இல்லை.

கால் படாமல் வீடு வந்தேன். ஆனால் சுரேஷ் ஸ்கூட்டரை நிறுத்தும் முன்பே ஆரம்பித்தான்.

"அக்கா, இது செல்லாது. ஒரு வெள்ளை முண்டுக்காரச் சேட்டனை டபுள்ஸ் ஏத்திட்டு வந்தார். ரெண்டு காலும் ஒரு பக்கமாத் தொங்கப் போட்டு ஆளு சுகமா உக்காந்திருந்தார். தோப்பும்படியில எறக்கி விட்டார்."

"டபுள்ஸ் ஏத்தினா கஷ்டம்தானடா கூடும்? ஜெயிச்சது இவர்தான்" என்ற மீனா சைக்கிளைப் பார்த்தாள். "அதிருக்கட்டும், அந்தச் சேட்டன் எதுல உக்காந்தார்?"

சுரேஷ் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தவன் சாயாகூட வேண்டாமென்று போனான். அதன்பிறகு சைக்கிளைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மீனா மட்டும் நம்பவில்லை, மச்சானும் மச்சானும் சேர்ந்து நாடகம் என்றாள். சைக்கிள் தங்கியதால் எனக்கு வந்த லாபம், ஞாயிறுதோறும் அவளையும் ஏற்றிக்கொண்டு ஐலண்ட் போக வேண்டும். அதற்காகவே கேரியர் மாட்ட வைத்தாள். போன வாரம் திரும்புகையில், பாலம் ஏறும்போது, என் முதுகுக்குப் பின்னால் அவள் எரிச்சலாகச் சொன்னாள்:

"கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்களேன், எனக்கு இடமே இல்ல."

நான் சீட்டில் இருக்கிறேன், எங்கே தள்ளி உட்காருவது? திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். தோப்பும்படித் திருப்பம் தாண்டியதும் அவளே சொன்னாள்:

"ஆங், இப்பச் சரி."