நீர்மூழ்கிக்கு இரண்டு இடம்

அந்த ஜெர்மன் கிழவர் அழுதபோது எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம் பத்திக்கொண்டுதான் வந்தது. இதை மறைத்து எழுதி நல்லவள் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை.

புலம்பெயர்ந்து வந்து, சென் லோறன்ஸ் ஆற்றங்கரையில் லாசால் என்ற இடத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிடும் வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து மூன்று, நாலு இருக்கும். ஊரில் சண்டை நின்று சமாதானம் என்று கதைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே இருந்த அந்தக் கிழவரின் அண்ணன் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலொன்றில் இயந்திரம் பார்த்தவன். அந்தக் கப்பலின் கதை முழுக்க ஒரு நீலக் கோப்பில் இருந்தது. முதுகில் சவர்க்காரம் போடும்போதும் கிழவர் அதைத்தான் சொல்லுவார். முதல் பயணத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து, இதே சென் லோறன்ஸ் ஆற்றின் வாய்வரை வந்து ஒரு சரக்குக் கப்பலைத் தாழ்த்தியது. இரண்டாவதில் அடிபட்டு நொண்டிக்கொண்டு திரும்பியது. மூன்றாவதில் போனது போனதுதான். ஐஸ்லாந்துக்குத் தெற்கே விமானம் குண்டு போட்டு எல்லோரும் மூழ்கினார்கள் என்று பதிவு.

“அந்தச் சரக்குக் கப்பலில செத்த ஆக்களின்ர பேர் இருக்கோ?” என்று ஒருநாள் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். கிழவர் கோப்பைப் புரட்டினார். கப்பலின் பெயரும் எடையும்தான் இருந்தன.

அந்த ஒக்டோபரில் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரித்தானியர் தங்கள் பழைய போர்ப் பதிவுகளைத் திரும்பச் சரிபார்த்தார்களாம். விமானம் அடித்தது வேறொரு நீர்மூழ்கியை. அண்ணனின் கப்பலைத் தாழ்த்தியது பிரித்தானியப் போர்க்கப்பல், அயர்லாந்துக்கு மேற்கே. சுவரில் இருந்த வரைபடத்தில் கிழவர் சிவப்பு ஊசி குத்தி வைத்திருந்த இடம் பிழை.

“இவ்வளவு வருடமும் பிழையான இடத்தைப் பார்த்துச் செபித்திருக்கிறேன்” என்று தேம்பினார்.

கண்டறியாத ஒரு இடம், அழுகிறதுக்கு! கையில் இருந்த துவாயைக் கட்டிலில் எறிந்தேன்.

“எதிரியே எழுதி வைச்சு, பேந்து திருத்தியும் தந்திருக்கிறான். உங்களுக்கு ரெண்டு இடம். என்ர அம்மாவுக்கு ஒண்டுகூட இல்லை!”

என் தம்பி படையாள் இல்லை. மன்னாரில் மீன்பிடிக்கப் போனவன். கடலில் சூட்டுச் சத்தம் கேட்டது என்றார்கள்; படகு திரும்பவில்லை. சுட்டது யார், எந்த இடத்தில், ஒருவரும் ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதவில்லை.

கிழவர் ஊசியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “பாவம் மனிசன்” என்றார் அம்மா. அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அந்த அண்ணனின் பெயரை ஜெர்மனியில் ஒரு நினைவுச்சுவரில் வெட்டி, நவம்பரில் பூவும் வைக்கிறார்கள். கப்பல் தாழ்த்தியவனுக்குச் சுவர், மீன் பிடித்தவனுக்கு ஒன்றுமில்லையா?

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் ஒரு கடித உறை தருவார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். அம்மா வருடாவருடம் அப்பாவின் பெயரை மட்டும் என்னைக் கொண்டு எழுதுவிப்பார். தம்பிக்கு, அவனுடைய பிறந்தநாளில், சுகமாக இருக்க வேண்டுமென்று பூசை. பத்து வருடத்துக்கு மேலாகச் சுகப் பூசை! அந்த முறை, இருந்த கோபத்தில், அப்பாவின் பெயருக்குக் கீழே தம்பியின் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டேன். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

பூசை வைத்த சாமி அப்பாவின் பெயரை வாசித்தார். அடுத்து தம்பியின் பெயர். அம்மா எழும்பினார்.

“சாமி, நிப்பாட்டுங்கோ. என்ர பிள்ளை செத்தவன் எண்டு ஆர் சொன்னது?”

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். பஸ் நிற்கும் இடத்தில், குளிரில், நானும் அம்மாவும் சண்டை பிடித்தோம்.

“அவன் இருந்தா ஒரு கடிதம் போடமாட்டானே அம்மா? உங்களுக்கென்ன விசரே?”

“ஓம், விசர்தான்.” அம்மா என் ஜக்கெற்றைப் பிடித்து உலுப்பினார். “எந்தத் தண்ணிக்குள்ள கிடக்கிறான் எண்டு சொல்லு. உன்ர கிழவனுக்குக் குடுத்த மாதிரி ஒரு இடத்தைச் சொல்லு. பிழையான இடமெண்டாலும் பரவாயில்லை, நான் அழுறன்.”