குதிரை செத்த பிறகு பறந்தது

வாசகர்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள், அடுப்படி வேலை முடிந்து முந்தானையில் கை துடைத்துவிட்டுப் படிக்கும் பெண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் வாடகை நூலகம் நடத்திய எனக்கோ அவர்களை விட்டால் வாசகரே இல்லை. அபிமான எழுத்தாளரிடம் அடி வாங்கியவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நல்ல காலம்

எங்கள் அபிமான எழுத்தாளரின் நாவலொன்றில் நாயகி வீட்டை எதிர்த்துக் கல்லூரிக்குப் போவாள். எம்.ஏ. தமிழ் படித்த பெண் என்ற மிடுக்கோடு அதை என் நூலகத்துக்கு வாடிக்கையாக வரும் தெய்வானை ஆச்சியிடம் கொடுத்தேன். அவர் மகள் உமையாளைப் பள்ளியோடு நிறுத்திவிடுவதாக அப்போது வீட்டில் பேச்சு. படிக்க வையுங்கள் என்றும் சொன்னேன். ஆச்சி புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது சொன்னார்: "அந்தப் புள்ள படிச்சும் கெட்டுப் போகலையே. இவளும் பி.யூ.சி. படிக்கட்டும்."

தையல் பிசகு

அடுத்து அந்த எழுத்தாளர் வாரப் பத்திரிகையில் மாயாஜாலத் தொடர் எழுதினார். எல்லா எழுத்தும் அறிந்த இளவரசி, அறிந்த குற்றத்துக்காகக் கல்லாகிறாள். மீட்க ஒரு பறக்கும் குதிரை வருகிறது. வாரந்தோறும் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். தொடர்களைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வாடகைக்கு விடுவது எங்கள் தொழில் வழக்கம். பைண்டர் இரண்டு அத்தியாயங்களை முன்பின்னாகத் தைத்துவிட்டார்.

எழுத்தாளரின் பழைய நாவலில் ஒரு தாள் குறைந்தாலே அன்று மாலைக்குள் புகார் வந்துவிடும். இது ஊரில் பாதி வீடு சுற்றியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிசகை நானே ஆச்சியிடம் சொன்னேன். "அப்படியா? குதிரை செத்ததுக்கப்புறம் பறந்துச்சு. மந்திரம்னுல்ல நெனச்சேன்."

சாபம் தீர்ந்த விதம்

கடைசி அத்தியாயத்தை மட்டும் ஆச்சி மந்திரம் என்று தள்ளிவிடவில்லை. அதில் இளவரசி கற்ற எழுத்தையெல்லாம் மறக்கிறாள். உடனே சாபம் நீங்கிக் கழுத்தில் கல்யாண மாலை விழுகிறது. உமையாள் கல்லூரியில் அந்த ஓராண்டு பி.யூ.சி. தேறி, பி.ஏ. சேரக் காத்திருந்த நேரம் அது.

"படிச்சது போதும்னு உங்க ஆளே எழுதிட்டாருல்ல? மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்றார் ஆச்சி.

"அது வெறும் கதை ஆச்சி. அதை வைத்தா பெண்ணின் படிப்பை நிறுத்துவீர்கள்?"

பதில் தயாராக இருந்தது: "அன்னைக்கு ஒரு புத்தகத்தைக் குடுத்து இவளைப் படிக்க வைக்கச் சொன்னீகளே, அது மட்டும் கதை இல்லையாக்கும்?"

திரும்பி வந்த புத்தகம்

உமையாள் அந்தத் தொகுப்பை மறுபடி வாங்கிப் போய், இரண்டு நாளில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அழவில்லை. "கடைசி அத்தியாயத்தையும் பைண்டர் மாத்தித் தச்சிருப்பாரோன்னு பார்த்தேன் அக்கா. சரியாத்தான் தச்சிருக்காரு."

எழுத்தாளர் அடுத்த வாரமே புதுத் தொடர் தொடங்கினார். உமையாள் தை மாதம் நேமத்தான்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், பி.ஏ. படிக்கவில்லை, அதன் பிறகு என்னிடம் ஒரு புத்தகமும் கேட்டு அனுப்பவில்லை.