இடது பக்கம் திரும்பினாத்தான் வலம்

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலை. சீரங்கம் சித்திரை வீதியில கூட்டம் கூட்டமா ஆளுங்க ஒரு பக்கமா ஓடிக்கிட்டிருக்காங்க. எங்கக்கா மட்டும் எதிர்ப்பக்கமா ஓடுறா. அவ பின்னாடி... நானு!

லாரி ஓட்டின காலத்துல ஒருநாள்கூட ஒன்வேயில எதிர்ப்பக்கம் வண்டிய விட்டவன் இல்லீங்க நான். இந்த வயசுல கால விட்டுட்டேன்.

'பெருசு, இந்த வயசுல எதுக்கு ஓட்டம்?'னு கேக்குறீங்க. எல்லாம் சர்க்கரை பண்ண வேலை. டாக்டரு நடக்கச் சொன்னாரு. நானும் பாலக்கரையில பஸ் ஏறி, சீரங்கத்துல அக்கா வீட்டுக்குப் போயி, அவ தெருவுல நடந்தேன். நடை முடிஞ்சா அங்க இட்லி இருக்கும்ல?

அக்கா வாசல்ல நின்னு சிரிச்சா. "டேய் ராசு, இது நடையா? எறும்பு ஊருற மாதிரி இருக்கு."

மறுநாள் அவளும் எறங்கிட்டா. நடை ஓட்டமாச்சு. திருவானைக்காவல் தாண்டினோம். அப்புறம் காவேரிப் பாலம் தாண்டினோம். புடவைக்குக் கீழ ஷூ போட்டுக்கிட்டு அவ முன்னாடி, மூச்சு வாங்கிக்கிட்டு நான் பின்னாடி. மாசக்கணக்குல இதே கதை.

இப்படி ஓடித் தாக்குப்பிடிக்கிறதுக்குப் பேரு என்டூரன்ஸாம். சின்னதுல எங்கப்பா மணப்பாறை சந்தைக்கு மாடு ஓட்டிட்டுப் போவாரு, நாங்க ரெண்டு பேரும் பின்னாலயே ஓடணும். போறப்ப மாடு, வர்றப்ப முறுக்கு. அப்ப அதுக்கு ஒரு பேரும் கிடையாது. ஒருதடவை ஒரு செவலைக் கன்னு நடுரோட்டுல படுத்துக்கிச்சு பாருங்க... சரி, அத அப்புறம் சொல்றேன். எங்க விட்டேன்?

ஆங்... ஓட்டம். அது மெடல்ல போயி நின்னுச்சு. அக்காவோட சம்பந்தியம்மா மெட்ராஸ்ல ஏதோ ஓட்டத்துல கலந்துக்கிட்டு, மெடல் வாங்கி ஷோகேஸ்ல தொங்கவிட்டிருக்கு. அக்காவுக்குத் தூக்கம் போச்சு. "அந்தம்மா அஞ்சு கிலோமீட்டருடா. நாம இருபத்தொண்ணு ஓடுவோம்"னா. ஹால்ல ஆணியே அடிச்சு வச்சுட்டா. மெடல்தான் பாக்கி.

சீரங்கத்துலயே ஒரு ஓட்டப்பந்தயம் வச்சாங்க, பேரு குடுத்தோம். ரூட்டு மேப்பு போன்ல வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. கோயிலச் சுத்தி ரவுண்டு ரவுண்டா ஓடணும்னாங்க. அது போதாதா?

போதலீங்க. தெக்கு சித்திரை வீதிக்குள்ள நுழையுற எடத்துல, கொடி வச்சிருந்த பசங்க எல்லாரையும் வலது பக்கம் திருப்பி விடுறாங்க. அக்கா சடன் பிரேக் போட்ட மாதிரி நின்னுட்டா.

"என்னடா இது, பெருமாள இடது கைப் பக்கம் வச்சா சுத்துறது? அப்பிரதட்சணம்டா!"

"அக்கா, இது ரேஸு. சாமி கும்பிடவா வந்தோம்?"

"கோயிலச் சுத்தினா அது கும்பிடறதுதான்."

"எதிர்ப்பக்கம் ஓடினா மெடல் குடுக்கமாட்டாங்கக்கா."

அந்த ஆணி அவ கண்ணு முன்னாடி வந்துட்டுப் போனது எனக்கே தெரிஞ்சுது. அப்புறம் முந்தானைய இழுத்துச் சொருகினா. இடது பக்கம் திரும்பிட்டா. ஆமாங்க, அங்க இடது பக்கம் திரும்பினாத்தான் வலம்!

கூட்டத்தோட போயிருந்தா எனக்காவது மெடல் கிடைச்சிருக்கும். ஆனா அந்த நேரம் பாத்து செவலைக் கன்னு ஞாபகம் வந்து தொலைச்சுது. அன்னிக்கு எங்கப்பா அத அடிக்கல, திட்டல. பக்கத்துலயே உக்காந்து பீடி பத்தவச்சாரு. படுத்துக்கிட்ட கன்னுகிட்ட தர்க்கம் பண்ண முடியுமா?

நானும் இடது பக்கம் திரும்பினேன்.

எதிர்ல ஓடி வந்த பசங்க சிரிச்சாங்க. "பாட்டி, ராங் ரூட்டு!"

"நீங்கதான்டா ராங்கு! ஊரே ராங்கு!"

கோபுரம் வர்றப்பல்லாம் நின்னு, ஷூவக் கழட்டி, கன்னத்துல போட்டுக்கிட்டு, மறுபடி மாட்டிக்கிட்டு... ஓட்டத்தவிட இதுலதான் நேரம் போச்சு. மொதல்ல சிரிச்ச பசங்க, அடுத்தடுத்த ரவுண்டுல எதிர்ல வர்றப்ப கைய நீட்டித் தட்டிட்டுப் போனாங்க. அவங்க பின்னாடியே ஓடியிருந்தா எங்க மூஞ்சிய யாரு பாத்திருப்பா?

நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா முடிச்சப்ப, ஓட்டம் முடியுற எடத்துல கட்டின பலூன் வளைவுல காத்து எறங்கிக்கிட்டிருந்துச்சு. கழுத்துல விசில் போட்ட தம்பி தலையச் சொறிஞ்சாரு.

"அம்மா, தூரமெல்லாம் கரெக்டா ஓடியிருக்கீங்க. ஆனா ரூல்ஸ்படி..."

ஆளுக்கு ஒரு வாழைப்பழம் குடுத்தாரு. அவ்வளவுதான்.

அக்கா பழத்த உரிச்சா. நான் மெதுவா கேட்டேன். "ஆணிய என்னக்கா பண்றது?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். அடுத்த வருஷத்துக்குள்ள ஒண்ணு அவங்கள ரூட்ட மாத்தச் சொல்லு. இல்ல, பெருமாளத் திரும்பிப் படுக்கச் சொல்லு."

சொல்லிட்டு, தப்பாச் சொல்லிட்டோமோன்னு கன்னத்துல வேற போட்டுக்கிட்டா.

பெருமாள் ஒருவேளை திரும்பிப் படுத்தாலும் படுப்பாருங்க... எங்கக்கா திரும்பமாட்டா!