மட்டையே தொடாத பிள்ளை

இன்று பெரியகல்லாறு தேவாலய விளையாட்டு முகாமில், வெளிநாட்டிலிருந்து தொண்டராக வந்த பயிற்றுநருக்கு நான் மொழிபெயர்த்தேன்.

அவர் பேஸ்போல் பழக்கினார். முகாமுக்கு வந்த மாணவி சுகந்தினி முதல் பந்தையே மதிலுக்கு அப்பால் அடித்தாள்.

உடனே அவர், படமெடுத்துக்கொண்டிருந்த தன் குழுவின் கமெராவிடம், "சுனாமி அடித்த ஊரின் இந்தப் பிள்ளை மட்டையே தொட்டதில்லை. அரை மணித்தியாலத்தில் பழக்கிவிட்டேன்" என்றார்.

அவள் பாடசாலை எல்லே அணியின் தலைவி. மூங்கில் கம்பால் பந்தடித்து ஓடும் அந்த விளையாட்டிலேயே வளர்ந்தவள். ஒரு வார்த்தை கேட்டாரா? எனக்குக் கோபம் வந்தது.

"என்னவாம், சேர்?" என்று அவள் கேட்டாள். தயங்கிச் சொன்னேன்.

"ஓமா? அவருக்கு எல்லே தெரியுமா எண்டு கேளுங்க. தெரியாட்டி நான் பழக்கிறன்."

இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அதற்குள் கமெராவை அணைத்துவிட்டார்கள்.

அந்த வீடியோவைக் கண்டால், அவள் யாரென்று கீழே ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். பிழை திருத்த நான் இருக்கிறேன்.